அம்மையநாயக்கனூர்ப் போரும் ராணி மீனாட்சியின் வீழ்ச்சியும்: துரோகத் துன்பியல் ஒன்றை மாணவர்க்கு அறிமுகம் செய்தல்

மதுரை நாயக்க அரசை இறுதியாக ஆண்டவர் ராணி மீனாட்சி. 1732 முதல் 1736 வரை திருச்சிராப்பள்ளியைத் தலைநகராகக் கொண்டு ஆட்சி செய்தார். தம்மைக் காப்பதாகச் சத்தியம் செய்துகொடுத்த ஆற்காட்டுத் தளபதி சந்தா சாகிபிடம் கோட்டையையும் ஆட்சியையும் இழந்து, நஞ்சுண்டு இறந்தார். சத்தியம் நடந்ததும் உயிர் பிரிந்ததும் திருச்சிராப்பள்ளியில். ஆனால் அரசியின் முடிவை உறுதி செய்த போர், திண்டுக்கல்லுக்குத் தெற்கே அம்மையநாயக்கனூர்ச் சமவெளியில் நடந்தது.

அரசியல் துரோகத்தைப் பற்றிய துன்பியல் நாடகம் என்றதும் பலரும் சொல்வது ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்'. அதைப் படிக்கத் தொடங்கும் திண்டுக்கல் மாணவருக்கு உரோமாபுரியும் அதன் ஆட்சி மன்றமும் தொலைவானவை. பெயர்களே வாயில் நுழைவதில்லை. அதே மாணவர் மதுரைக்குப் பேருந்திலோ தொடர்வண்டியிலோ போகும்போது, அதற்கு இணையான ஒரு கதை நடந்த நிலத்தைக் கடந்துதான் போகிறார். உள்ளூர் வரலாற்றின் வழியாக அந்நாடகத்துக்குள் நுழைய முடியும் என்பதையும், நாடகத்தைப் படித்தபின் உள்ளூர் வரலாறு முன்னைவிடத் தெளிவாகத் தெரியும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

துன்பியலும் துரோகமும்: தமிழ் மரபு

துன்பியல் நாடகம் மேலைநாட்டு வடிவம் என்றாலும் அதன் உணர்வு தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகை என்னும் மெய்ப்பாடு நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறது. பிறரால் இகழப்படுதல், உரியதை இழத்தல், பழைய நிலையிலிருந்து தாழ்தல், வறுமை ஆகியவை அவை. இவற்றுள் மூன்றாவது, அரசர்களைப் பற்றிய துன்பியலுக்கு அடிப்படை. உயர்ந்த இடத்தில் இருந்தவர் அங்கிருந்து விழும்போது அவர் இழப்பதைப் பார்ப்பவரும் அளந்து பார்க்க முடிகிறது.

துரோகத்தைப் பற்றியும் தமிழில் நிறையப் பேசப்பட்டுள்ளது. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' 51ஆவது அதிகாரம், 'கூடா நட்பு' 83ஆவது அதிகாரம். பகைவர் வணங்கக் குவிக்கும் கைக்குள்ளேயே ஆயுதம் மறைந்திருக்கும் என்ற எச்சரிக்கை பின்னதில் உள்ளது. இதற்குக் கதை வடிவம் தந்ததுபோல் அமைந்தது பெரிய புராணத்தின் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு. சேதி நாட்டு மன்னரான அவரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், சிவனடியார் வேடம் பூண்டு, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து எடுத்துச் சென்று குத்தினான். புனித நூல் இருக்கும் என்று நம்பப்பட்ட கட்டுக்குள் வேறொன்று இருந்தது என்ற இந்தச் செய்தியை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ராணி மீனாட்சியின் கதையில் இது மீண்டும் வரும்.

'ஜூலியஸ் சீசர்' நாடகம்: சுருக்கம்

இந்நாடகம் 1599ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் இலண்டனுக்கு வந்த தாமஸ் பிளாட்டர் என்ற சுவிட்சர்லாந்துப் பயணி, சீசரைப் பற்றிய நாடகம் ஒன்றைப் பார்த்ததாகக் குறித்துள்ளார். அச்சில் வெளிவந்தது 1623இல். கதைக்கு ஷேக்ஸ்பியர் முதன்மையாகப் பயன்படுத்தியது கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க்கின் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு.

உரோமில் அக்காலத்தில் அரசர் இல்லை. ஆட்சி மன்றமும் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரிகளும் ஆண்டனர். போர்களில் வென்று திரும்பிய சீசரின் செல்வாக்கு வளர்வதைக் கண்ட சிலர், அவர் முடிசூடிக்கொள்வார் என்று அஞ்சினர். காசியஸ் என்பவன் சதிக்கு ஆள் திரட்டுகிறான். சீசருக்கு நெருங்கியவரும் மக்களிடம் நற்பெயர் பெற்றவருமான புரூட்டஸ் சேர்ந்தால்தான் கொலைக்கு நியாயத் தோற்றம் கிடைக்கும். ஆகவே பொதுமக்கள் எழுதியவைபோல் பொய்க் கடிதங்களைத் தயாரித்து அவர் வீட்டுச் சன்னல் வழியே போடச் செய்கிறான். குடியரசைக் காக்கத் தன்னை நாடே அழைப்பதாக நம்பிய புரூட்டஸ் சதியில் சேர்கிறார். பொ.ஆ.மு. 44 மார்ச் 15 அன்று ஆட்சி மன்றக் கூட்டத்தில் சீசர் குத்திக் கொல்லப்படுகிறார். குத்தியவர்களுள் புரூட்டசைக் கண்டதும் சீசர் எதிர்ப்பதை நிறுத்திவிடுகிறார்.

இது நடப்பது நாடகத்தின் நடுப்பகுதியில். மீதிப் பாதி முழுவதும் அதன் விளைவுகள். சீசரின் நண்பர் மார்க் ஆண்டனி இறுதிச் சடங்கில் பேச அனுமதி பெறுகிறார். கொலையாளிகளைத் திரும்பத் திரும்பப் புகழ்வதுபோலவே பேசி, அந்தப் புகழ்ச்சொல்லையே வசைச்சொல்லாக மாற்றிக் கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறார். வெறிகொண்ட கூட்டம், சதிகாரன் ஒருவனின் பெயரே தனக்கும் அமைந்த குற்றத்துக்காக ஒரு கவிஞரைக் கொன்றுவிடுகிறது. உள்நாட்டுப் போர் மூள்கிறது. புரூட்டசின் மனைவி போர்ஷியா உயிரை மாய்த்துக்கொள்கிறார். தோல்வியடைந்த புரூட்டசும் தன் வாளாலேயே மடிகிறார். எந்தக் குடியரசைக் காக்கக் கொலை நடந்ததோ, அந்தக் குடியரசு திரும்பவே இல்லை.

1970இல் வெளிவந்த 'சொர்க்கம்' திரைப்படத்தில் சிவாஜி கணேசன் சீசராக நடித்த மேடைக் காட்சியைப் பார்த்தவர்கள் வீட்டுப் பெரியவர்களில் பலர் இருப்பார்கள். வகுப்பில் பேச்சைத் தொடங்க அது நல்ல வழி.

திண்டுக்கல் சமவெளி

வடகிழக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் திருச்சிராப்பள்ளி, தெற்கே 60 கி.மீ.க்குச் சற்று அதிகத்தில் மதுரை. இரண்டுக்கும் இடையில் காவல் நிற்பது திண்டுக்கல் மலைக்கோட்டை. 1605இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கியதாகக் கூறப்படும் இக்கோட்டையைத் திருமலை நாயக்கர் வலுப்படுத்தினார். தனித்து நிற்கும் பாறைமேல் அமைந்திருப்பதால் சுற்றியுள்ள வெளி முழுவதையும் அங்கிருந்து பார்க்கலாம். இந்தக் கோட்டையைக் கைவிட்ட படை மதுரைக்கு முன்னால் நிற்க வேறு பெரிய அரண் இல்லை.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில் கிழக்கே சிறுமலை எழுந்து நிற்கிறது. மேற்கே வானோரத்தில் கொடைக்கானல் மலைத்தொடர். இரண்டுக்கும் இடையிலான தாழ்நிலத்தில், திண்டுக்கல்லிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில் உள்ளது அம்மையநாயக்கனூர். இன்று நிலக்கோட்டை வட்டத்தில் அடங்கிய பேரூராட்சி. கொடைக்கானல் ரோடு தொடர்வண்டி நிலையம் இங்குதான் உள்ளது. நாயக்கர் காலத்தில் இது ஒரு பாளையத்தின் தலைமை இடம்.

கதைமாந்தர்

ராணி மீனாட்சி: ராணி மங்கம்மாளின் பேரனான விஜயரங்க சொக்கநாத நாயக்கரின் மனைவி. 1732இல் கணவர் வாரிசின்றி இறந்தபின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். விஜயகுமாரன் என்ற சிறுவனைத் தத்தெடுத்து அவன் சார்பில் ஆண்டார்.

பங்காரு திருமலை: அந்தச் சிறுவனின் தந்தை. திருமலை நாயக்கரின் தம்பி வழியில் வந்தவர். அரியணை ஆண்வழியில் வந்த தமக்கே உரியது என்று வாதிட்டவர்.

தளவாய் வேங்கடாசாரியர்: பங்காருவின் பக்கம் சாய்ந்த அதிகாரி. தளவாய் என்பது நாயக்க அரசில் படையும் நிர்வாகமும் சேர்ந்த உயர்பதவி.

தோஸ்த் அலி கான்: 1732 முதல் ஆற்காட்டு நவாபு. சப்தர் அலி அவருடைய மகன். உசேன் தோஸ்த் கான் என்னும் இயற்பெயர் கொண்ட சந்தா சாகிபு அவருடைய மருமகன்.

நிகழ்ச்சிகளின் வரிசை

அரியணைப் போட்டி. தம் மகனே தத்துப்பிள்ளையாக அரண்மனையில் வளர்ந்தும் பங்காரு திருமலை அமைதியடையவில்லை. தளவாயுடன் சேர்ந்து திருச்சிராப்பள்ளிக் கோட்டையைக் கைப்பற்ற முயன்றார். முயற்சி தோற்றாலும் பகை தீரவில்லை. கோட்டை அரசியிடம் இருந்தது. வெளியே பங்காரு ஆதரவு திரட்டிக்கொண்டிருந்தார்.

ஆற்காட்டுப் படை. 1734இல் தென்னாட்டு அரசுகளிடம் கப்பம் வசூலிக்க நவாபு தம் மகனையும் மருமகனையும் படையுடன் அனுப்பினார். பங்காரு திருமலை சப்தர் அலியை அணுகி, அரியணையைத் தமக்குப் பெற்றுத் தந்தால் முப்பது லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னார். சப்தர் அலி பங்காருவுக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, நிறைவேற்றும் பொறுப்பைச் சந்தா சாகிபிடம் ஒப்படைத்துத் திரும்பினார்.

சத்தியம். அரசி அஞ்சினார். சந்தா சாகிபுடன் நேரடியாகப் பேசி, தம் ஆட்சியைக் காப்பாற்றினால் ஒரு கோடி ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார். அதற்கு ஈடாக உறுதிமொழி கேட்டார். திருச்சிராப்பள்ளியின் தளவாய் மண்டபத்தில் சந்தா சாகிபு குர்ஆன்மீது சத்தியம் செய்தார். பட்டுத்துணிக்குள் இருந்தது குர்ஆன் அன்று, செங்கல் என்று நாட்டு மரபு சொல்கிறது. அவர் கோட்டைக்குள் அனுமதிக்கப்பட்டார். பின்னர் ஆற்காடு திரும்பினார். இந்த இடைக்காலத்தில் பங்காரு திருமலை மதுரைக்குச் சென்று தெற்குப் பகுதியைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார். அரசியும் அவரும் இப்போது இணக்கமாகிவிட்டனர் என்றும், அரசியின் ஒப்புதலோடுதான் அவர் மதுரை சென்றார் என்றும் கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு.

அம்மையநாயக்கனூர். 1736இல் சந்தா சாகிபு திரும்பி வந்தார். மீண்டும் கோட்டைக்குள் இடம் கிடைத்தது. இம்முறை அரசியின் படையும் கருவூலமும் அவர் சொல்படி நடந்தன. அரசியின் பகைவரை அடக்குவது என்ற பெயரில் பங்காருவுக்கு எதிராகப் பெரும்படை தெற்கு நோக்கி அனுப்பப்பட்டது. அது முதலில் திண்டுக்கல்லைக் கைப்பற்றியது. பின் மதுரைச் சாலையில் முன்னேறியது. சில பாளையக்காரர்களின் துணையோடு பங்காரு திருமலை அம்மையநாயக்கனூரில் எதிர்கொண்டார். போரில் தோற்று மதுரையையும் விட்டுச் சிவகங்கைச் சீமைக்குத் தப்பினார்.

நஞ்சு. இத்துடன் நாயக்கர் குடும்பத்தின் சார்பில் வாளேந்தி நிற்க ஒருவரும் இல்லை. அரசியின் பெயர் இனிச் சந்தா சாகிபுக்குத் தேவைப்படவில்லை. ராணி மீனாட்சி அரண்மனையிலேயே சிறைவைக்கப்பட்டார். தாம் விலைகொடுத்து வாங்கிய பாதுகாப்பு என்னவாயிற்று என்பதை உணர்ந்து நஞ்சுண்டு இறந்தார். இரு நூற்றாண்டுகள் நிலைத்த மதுரை நாயக்கர் ஆட்சி அவருடன் முடிந்தது.

திருப்பம் எங்கே?

இக்கதையைச் சொல்பவர்கள் பொதுவாகச் சத்தியக் காட்சியில் நிறுத்திவிடுகிறார்கள். பொய்ச்சத்தியம், ஏமாந்த அரசி, நஞ்சு என்று மூன்றே அடியில் கதை முடிந்துவிடுகிறது. ஆனால் 1734க்கும் 1736க்கும் இடையில் சத்தியம் ஒருவகையில் செல்லுபடியாகவே இருந்தது. அரசி அரியணையில் இருந்தார். அவருடைய உயிருக்குக் காவலாக இருந்தது சந்தா சாகிபின் வாக்கு அன்று. வெளியே உயிருடன் இருந்த பங்காரு திருமலையின் எதிர்ப்பு. போட்டியாளர் ஒருவர் இருக்கும்வரை அரசியின் உரிமை, சந்தா சாகிபு தன் படையெடுப்புக்குக் காட்டும் நியாயமாகப் பயன்பட்டது. அம்மையநாயக்கனூரில் போட்டியாளர் வீழ்ந்ததும் அந்த நியாயம் வேண்டியிராமல் போனது.

தம் பகைவர் தோற்ற செய்தி அரசிக்கு வெற்றிச் செய்தியாகவே வந்திருக்கும். உண்மையில் அது அவருடைய கடைசி அரண் இடிந்த செய்தி. வெற்றியும் அழிவும் ஒரே நிகழ்ச்சியாக வரும் இந்த இடமே துன்பியலின் திருப்பம். திண்டுக்கல் சமவெளி இக்கதையில் வெறும் போர்க்களமாக மட்டும் நிற்காததற்குக் காரணம் இதுதான்.

இன்னும் பின்னோக்கிப் போனால், அழிவின் வித்து ஆற்காட்டிலிருந்து வரவில்லை என்பதும் தெரியும். குடும்பத்தின் இரு தரப்பும் தத்தம் வழக்கைத் தீர்க்க மூன்றாமவரை அழைத்தன. ஒருவர் முப்பது லட்சம் பேசினார். மற்றவர் ஒரு கோடி பேசினார். எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு பிரிந்து கிடக்கிறார்கள் என்ற இரண்டு செய்திகளையும் வந்தவருக்கு அவர்களே தெரிவித்துவிட்டார்கள்.

பின்விளைவுகள்

'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைப் போலவே இங்கும் கதை கொலையோடு முடியவில்லை. திண்டுக்கல்லும் மதுரையும் சந்தா சாகிபின் சகோதரர்கள் பொறுப்பில் விடப்பட்டன. 1740 மே மாதத்தில் மராட்டியப் படை தாமல்செருவுக் கணவாயில் நவாபு தோஸ்த் அலியைக் கொன்றது. பின் ரகுஜி போன்சலேயின் தலைமையில் திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டது. தெற்கிலிருந்து உதவிக்கு வந்த சகோதரர்களின் படைகள் முறியடிக்கப்பட்டன. 1741 மார்ச் மாதத்தில் கோட்டை விழுந்தது. சந்தா சாகிபு சிறைப்பட்டுச் சதாராவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1742இல் சப்தர் அலி வேலூரில் தம் மைத்துனர் மூர்த்தசா அலியின் சூழ்ச்சியால் கொல்லப்பட்டார்.

1748இல் விடுதலையான சந்தா சாகிபு பிரெஞ்சுக்காரர் டூப்ளேயின் துணையோடு ஆற்காட்டு நவாபுப் பதவிக்குப் போட்டியிட்டார். எதிர்ப்பக்கத்தில் முகமது அலியும் ஆங்கிலக் கம்பெனியும் நின்றனர். 1752 ஜூன் மாதத்தில் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடையும் நிலை வந்தபோது, தப்பிச்செல்ல வழிவிடுவதாகச் சத்தியம் செய்துகொடுத்த தஞ்சாவூர்த் தளபதி மானோஜியை நம்பி அவரிடம் தம்மை ஒப்படைத்தார். வாக்கு மீறப்பட்டது. சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. அவர் கொல்லப்பட்ட இடம், முன்பு அரசிக்குச் சத்தியம் செய்த அதே தளவாய் மண்டபம் என்று வரலாறு எழுதிய ஆங்கிலேயர் குறித்துள்ளனர். நாடக ஆசிரியர் ஒருவர் இப்படி எழுதியிருந்தால், செயற்கையாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்போம்.

பங்காரு திருமலையும் மீளவில்லை. நவாபு அன்வருதீன் காலத்தில் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டதாக நாட்டுக் குறிப்புகள் கூறுகின்றன. அவருடைய வழியினர் சிவகங்கைச் சீமையில் வெள்ளிக்குறிச்சியில் வாழ்ந்தனர். திண்டுக்கல் 1745இல் மைசூர்ப் படையிடம் சென்றது. 1755இல் ஹைதர் அலி அதன் பௌஜ்தாராக வந்து, இங்கிருந்தே தம் படைபலத்தைப் பெருக்கினார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போனது. அறுபது ஆண்டுகளுக்குள் நாயக்கர், ஆற்காடு, மராட்டியர், மைசூர், கம்பெனி என்று ஆளும் கைகள் மாறிக்கொண்டே இருந்தன. 1732இல் ஒரு வீட்டுக்குள் தொடங்கிய வழக்குக்குக் கிடைத்த தீர்ப்பு இது.

செங்கல் கதை: எவ்வளவு நம்பலாம்?

மாணவர்களுக்கு இக்கதையைச் சொல்லும்போது எச்சரிக்கை தேவைப்படும் இரண்டு இடங்கள் உண்டு.

முதலாவது, செங்கல். சந்தா சாகிபு சத்தியம் செய்தார், பிறகு மீறினார் என்பது வேறு; துணிக்குள் செங்கல் இருந்தது என்பது வேறு. முன்னது அரசியல் நிகழ்ச்சி. பின்னது மக்கள் நினைவில் வளர்ந்த செய்தி. புனித நூலின் உருவில் ஆயுதம் மறைந்திருத்தல் என்பது மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றிலேயே உள்ள பழைய கருத்து. துரோகத்தை ஒரே பொருளில் காட்டிவிட வேண்டும் என்ற கதைசொல்லியின் தேவை செங்கல்லுக்கு நிலையான இடம் கொடுத்திருக்கலாம். உண்மையா பொய்யா என்று முடிவுகட்டுவதைவிட, மக்கள் ஏன் இப்படி நினைவில் வைத்தார்கள் என்று கேட்பது வகுப்புக்குப் பயன்தரும். காசியஸ் அனுப்பிய பொய்க் கடிதமும் செங்கல்லும் ஒரே வேலையைச் செய்கின்றன. இரண்டுமே, நம்ப விரும்பியவருக்குக் காட்டப்பட்ட போலிச் சான்றுகள்.

இக்கதையை ஒரு மதத்தார் இன்னொரு மதத்தாரை ஏமாற்றிய கதையாக்கிவிடுவது இரண்டாவது தவறு. நிகழ்ச்சிகளை வரிசையாகப் பார்த்தால் அதற்கு இடமில்லை. அரசிக்கு எதிராக முதலில் எழுந்தவர்கள் அவருடைய உறவினரும் அவர் அரசின் அதிகாரியும். சப்தர் அலியைக் கொல்வித்தவர் அவர் மைத்துனர். சந்தா சாகிபுக்குச் செய்த சத்தியத்தை மீறியவர் மானோஜி. வாக்கை மீறியவர்கள் எல்லாத் தரப்பிலும் இருந்தார்கள், ஏமாந்தவர்களும் அப்படியே.

அரசிக்கும் சந்தா சாகிபுக்கும் காதல் இருந்தது என்ற பேச்சையும் சிலர் எழுதியுள்ளனர். ஆளும் பெண்ணின் அரசியல் முடிவுகளுக்கு மனமயக்கத்தைக் காரணம் காட்டும் வழக்கம் ராணி மங்கம்மாளையும் விடவில்லை. படையுடன் வந்தவரை எதிர்க்க வலுவில்லாத அரசு, பணம் கொடுத்து உடன்பாடு செய்வது அக்காலத்தில் எல்லா அரசர்களும் செய்த செயல். மீனாட்சியின் முடிவை விளங்கிக்கொள்ள அதுவே போதும்.

இரண்டையும் ஒப்பிடுதல்

ஒப்புமைகள் எளிதில் தெரியும். இரண்டிலும் போலிச் சான்று ஒன்று உண்டு. இரண்டிலும் காப்பதற்காகச் செய்த செயலே அழிக்கிறது. குடியரசைக் காக்கக் கொலை செய்த புரூட்டஸ் முடியாட்சிக்கு வழிதிறந்தார். அரியணையைக் காக்கப் பணம் கொடுத்த மீனாட்சி அரியணையைப் பறிப்பவருக்கே செலவுக்குக் கொடுத்தார். இரண்டிலும் குற்றம் செய்தவர்கள் தாம் செய்ததைப் போன்ற முடிவையே அடைகிறார்கள்.

வேறுபாடுகளைக் கவனித்தால் இன்னும் அதிகம் கற்கலாம். புரூட்டஸ் நல்லெண்ணத்தோடு துரோகம் செய்தவர். இரவெல்லாம் உறங்காமல் தம் மனத்தோடு வழக்காடிய பிறகே அவர் கத்தியை எடுக்கிறார். சந்தா சாகிபு மனத்துக்குள் என்ன நினைத்தார் என்பதற்கு வரலாற்றில் சான்று இல்லை. அவருடைய செயல்களே உள்ளன. நாடகம் உள்ளத்தைத் திறந்து காட்டும். வரலாறு நடந்ததை மட்டும் முன்வைக்கும். இந்த வேறுபாட்டை உணர்வதே இலக்கியப் பாடத்துக்கும் வரலாற்றுப் பாடத்துக்கும் உள்ள எல்லையை உணர்வது.

யாருடைய துன்பியல் என்ற கேள்வியும் உண்டு. நாடகத்தின் பெயர் சீசர். ஆனால் அதன் துயரம் புரூட்டசுடையது என்று கருதுவோர் பலர். திண்டுக்கல் கதையில் அந்த இடம் யாருக்கு? மீனாட்சிக்கு என்று உடனே சொல்லத் தோன்றும். பங்காரு திருமலையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். அரியணைக்கு ஆசைப்பட்டு வெளியாரை அழைத்தவர் அவர். பிறகு, அழைத்து வந்தவர்களுக்கு எதிராகவே அம்மையநாயக்கனூரில் நின்று, அரசின் கடைசிப் போரை நடத்தியவரும் அவர்தான். தவறு செய்து, அதைத் திருத்த முயன்று, காலம் கடந்துவிட்டதால் வீழ்ந்தவர் என்ற அளவில் புரூட்டசுக்கு நெருங்கி வருபவர் இவரே.

வகுப்பில் அறிமுகம் செய்யும் முறை

ஆசிரியர்கள் கீழ்க்கண்ட வரிசையைப் பின்பற்றலாம்.

1. முதலில் நிலப்படம். திருச்சிராப்பள்ளி, மணப்பாறை, திண்டுக்கல், அம்மையநாயக்கனூர், மதுரை, சிவகங்கை ஆகிய ஆறு இடங்களை மாணவர்களே குறிக்கட்டும். படை வந்த வழியும் தோற்றவர் சென்ற வழியும் கோடுகளாகத் தெரியும்போது கதையில் பாதி விளங்கிவிடும்.

2. சத்தியக் காட்சியைச் சிறு நாடகமாக நடிக்கச் செய்யலாம். சந்தா சாகிபு, மீனாட்சி, பங்காரு மூவருக்கும் தம் பக்க நியாயத்தைச் சொல்லச் சம நேரம் தரவேண்டும். வில்லன் பாத்திரத்தை ஏற்ற மாணவர் தன் நியாயத்தைத் தேடும்போதுதான் துன்பியல் தொடங்குகிறது.

3. அதன் பிறகு 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தின் மூன்றாம் அங்கத்தைப் படிக்கலாம். கொலையும் இரண்டு இறுதிச் சடங்கு உரைகளும் அதில் உள்ளன. புரூட்டஸ் காரணம் சொல்கிறார். ஆண்டனி சீசரின் உடலையும் உயிலையும் காட்டுகிறார். கூட்டம் எதற்கு மயங்குகிறது என்று கேட்கலாம். இன்றைய தேர்தல் மேடைப் பேச்சைக் கேட்டு வளரும் மாணவர்கள் இதற்குப் பதில் வைத்திருப்பார்கள்.

4. இறுதியாக எழுதுவதற்குச் சில கேள்விகள்: பங்காரு திருமலை 1734இல் சப்தர் அலியை அணுகாமல் அரசியை அணுகியிருந்தால் என்ன நடந்திருக்கும்? வாக்குறுதியை மீறாதிருக்கச் செய்வது எது: சத்தியமா, சட்டமா, சமவலிமையா? துரோகம் செய்தவரும் துரோகத்துக்கு ஆளாகி இறந்தால் கணக்கு நேராகிவிடுமா?

கடைசிக் கேள்விக்கு ஒரே விடை இல்லை. 1752இல் சந்தா சாகிபின் தலை விழுந்தபோது ராணி மீனாட்சி இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய அரசு திரும்பவில்லை. பிலிப்பி போர்க்களத்தில் புரூட்டஸ் இறந்தபோதும் சீசர் எழுந்து வரவில்லை.

மரபும் இன்றைய நிலையும்

ஜே. எச். நெல்சன் 1868இல் வெளியிட்ட மதுரை நாட்டு வரலாற்று நூலும், ஆர். சத்தியநாத ஐயர் 1924இல் வெளியிட்ட மதுரை நாயக்கர் வரலாறும் இந்நிகழ்ச்சிகளை விரிவாகச் சொல்கின்றன. திண்டுக்கல் வட்டாரத்தில் விருப்பாட்சி கோபால் நாயக்கரின் பெயரும், ஹைதர் அலியின் பாதுகாப்பில் இப்பகுதியில் தங்கிய வேலு நாச்சியாரின் பெயரும் மக்களிடையே நன்கு நிலைத்துள்ளன. எதிர்த்து நின்றவர்களின் கதைகள் அவை. ஏமாந்து வீழ்ந்த அரசியின் கதை அந்த அளவு நினைவுகூரப்படுவதில்லை.

மலைக்கோட்டை இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும் ஆசிரியர், உச்சியில் நின்று தெற்கே சிறுமலையை ஒட்டிப் போகும் மதுரைச் சாலையைக் காட்டலாம். 1736இல் கோட்டையைப் பிடித்த படை இறங்கிப்போன திசை அது. அந்தப் படை அரசியின் பெயரால் சென்றது, அரசியின் பணத்தில் சென்றது, அரசியையே முடித்துவிட்டுத் திரும்பியது என்று சொன்னால் போதும். அரசியல் துரோகம் என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. மறுநாள் வகுப்பில் புரூட்டசின் பெயரைச் சொல்லும்போது அவர்களுக்கு அது அந்நியமாக இருக்காது.